பசளை மூடையும் லேபிளும்: எங்கள் கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் விதை, பூச்சட்டி, தண்ணீர்க் குழாய், பசளை எல்லாம் விற்கும் ஒரு சின்னக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். காலையில் கிளிநொச்சி, ஹட்டன் பக்கமிருந்து சிறு கடை முதலாளிமார் லொறியோடு வருவார்கள். பின்னேரம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் இருந்து கறிவேப்பிலைக் கன்றுக்கு உரம் கேட்டு வருவார்கள். அந்தர் கணக்கில் வாங்குபவரும் அரைக் கிலோ வாங்குபவரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பையில் என்ன எழுதியிருக்கிறது, அதை நம்பலாமா? பசளை என்றும் உரம் என்றும் மாறி மாறி எழுதுவேன். எங்கள் கடையில் இரண்டு சொல்லும் ஓடும்.

பசளைக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கப் பசளை ஒழுங்குபடுத்தல் சட்டம். பசளையை இறக்குமதி செய்வது, தயாரிப்பது, கலப்பது, விநியோகிப்பது எல்லாம் அனுமதிப்பத்திரத்தின் கீழ் வரும். இதைப் பார்ப்பது விவசாய அமைச்சின் கீழுள்ள தேசிய உரச் செயலகம்.

அந்தச் சட்டம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். விலை, லேபிள், ஏமாற்று விளம்பரம் ஆகியவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். தரத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். நியமங்கள். ஒரு கிலோ யூரியாப் பையைச் சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள். பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஓர் ஆளை வைத்திருப்பார்கள். எங்கள் கடையில் அந்த ஆளும் நான்தான், மூடை இறக்குபவனும் நான்தான்.

லேபிளில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பசளையின் பெயர், சத்து விகிதம், நிகர எடை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அனுமதி இலக்கம், தொகுதி இலக்கம், திகதி, வந்த நாடு, அதிகபட்சச் சில்லறை விலை, பாவிக்கும் முறை.

இத்தனையையும் ஒருவர் நின்று வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நேரம் இல்லையென்றால் மூன்றை மட்டும் பாருங்கள்: சத்து விகிதம், முகவரி, தொகுதி இலக்கம். விகிதம் காசுக்கு. முகவரி சண்டைக்கு. தொகுதி இலக்கம் அந்தச் சண்டையில் நீங்கள் வெல்வதற்கு. அது இல்லாவிட்டால் ‘இது எங்கள் மூடையே இல்லை’ என்று கம்பெனி ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

46, 60, 15-15-15 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

நூறு கிலோவில் எத்தனை கிலோ சத்து என்ற கணக்கு. மூன்று எண் வந்தால் வரிசை எப்போதும் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். யூரியா 46-0-0. ஒரு அந்தர், அதாவது 50 கிலோ மூடையில் 23 கிலோ நைதரசன். எம்.ஓ.பி. என்கிற பண்டி உரம் 0-0-60, மூடைக்கு 30 கிலோ. டி.எஸ்.பி. என்கிற பொசுபரசு உரம் 0-46-0.

இதில் ஒரு பழைய வழக்கம் ஒளிந்திருக்கிறது. நைதரசன் நேரடியாக நைதரசனாகவே எண்ணப்படுகிறது. மற்ற இரண்டும் அப்படியில்லை. பொசுபரசை அதன் ஒட்சைட்டாகவும் பொற்றாசியத்தை அதன் ஒட்சைட்டாகவும், அதாவது ஒட்சிசனும் சேர்ந்த எடையாக, எழுதுவது வழக்கம். உண்மையான பொசுபரசு வேண்டுமென்றால் லேபிள் எண்ணை 0.436ஆல் பெருக்க வேண்டும். பொற்றாசியத்துக்கு 0.83. அப்படிப் பார்த்தால் டி.எஸ்.பி.யின் 46 வெறும் 20தான். பண்டி உரத்தின் 60, ஏறக்குறைய 50. ஏமாற்று ஒன்றும் இல்லை, உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இப்படித்தான் எழுதுகின்றன.

தேயிலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. யு 709, யு 834, டி 200 என்று கேட்டு வாங்குகிறீர்களே, அவை கலவையின் பெயர்கள். அந்த இலக்கம் சத்து விகிதம் அல்ல. ‘709 பெரிசா, 834 பெரிசா, எது காரம் தம்பி?’ என்று ஒரு ஐயா கேட்டார். அதற்குப் பதில் பெயரில் இல்லை, மூடையின் கீழ்ப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விகிதத்தில் இருக்கிறது.

இரண்டு பைகளில் எது மலிவு என்று எப்படிப் பார்ப்பது?

பையின் விலையைச் சத்தின் எடையால் பிரியுங்கள். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ யூரியா 300 ரூபா என்றால் அதிலுள்ள 460 கிராம் நைதரசனுக்கு நீங்கள் கொடுப்பது கிலோவுக்கு ஏறக்குறைய 650 ரூபா. அதே தட்டில் பூப்படம் போட்ட 15-15-15 பை ஒரு கிலோ 900 ரூபா. மூன்று சத்தும் சேர்ந்து 450 கிராம். கிலோவுக்கு 2,000 ரூபா. மூன்று சத்தும் ஒன்றாக, சட்டிக்கு ஒரு கரண்டி என்று போட வசதியாக இருக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு. நான்கு ரோசாச் சட்டிக்கு அது நியாயம். அரை ஏக்கர் கத்தரிக்கு அப்படி வாங்கினால் கமக்காரர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு போத்தல் திரவம் ஒரு மூடைக்குச் சமம் என்கிறார்களே?

2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தபோது இந்தக் கேள்வி ஒரு நாளைக்கு இருபது தரம் வந்தது. இந்திய விவசாயிகள் உரக் கூட்டுறவான இஃப்கோவின் தயாரிப்பு. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்பது அவர்கள் விளம்பரம்.

அன்றைய லேபிளை வைத்துக் கணக்குப் போடுவோம். நைதரசன் 4 வீதம். 500 மில்லிலீற்றரில் 20 கிராம். இந்திய மூடை 2018 முதல் 45 கிலோ, அதில் நைதரசன் 20.7 கிலோ. அதாவது போத்தலில் இருப்பது மூடையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இலைவழியாகப் போவதால் வீணாகாது, அதனால் குறைவே போதும் என்பது அவர்கள் வாதம். யூரியாவை நிலத்தில் வீசினால் கணிசமான பங்கு வீணாகப் போவது உண்மைதான். ஆனால் பாதி வீணானாலும் மிச்சம் பத்துக் கிலோ பயிருக்குப் போகிறது. அந்தப் பத்துக் கிலோ இடத்தை இருபது கிராம் எப்படி நிரப்பும் என்று இந்திய விஞ்ஞானிகளே பகிரங்கமாகக் கேட்டார்கள். என் நிலை இது: திரவம் எதுவானாலும் துணைக்குத் தெளியுங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

திரவத்தில் இன்னொன்று. விகிதம் எடைக்கு எடையா, கனவளவுக்கு எடையா என்று பாருங்கள். அடர்த்தியான திரவத்துக்குக் கனவளவுக் கணக்கில் எழுதினால் எண் பெரிதாகத் தெரியும்.

மகன் மெல்பேர்னில் இருந்து ஒரு பக்கெற் கொண்டுவந்தான். அதில் எண் குறைவாக இருக்கிறதே?

அவுஸ்திரேலியாவில் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் ஒட்சைட்டாக எழுதாமல் நேரடியாக எழுதுவார்கள். நைதரசனும் பொசுபரசும் உள்ள டி.ஏ.பி. உரம் மற்ற நாடுகளில் 18-46-0 என்று வரும், அங்கே 18-20-0. பொருள் ஒன்றுதான். அடுத்த முறை பயணப் பெட்டியில் கொண்டுவர வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், பசளை இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். அதில் எரு கலந்திருந்தால் 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

நான் மூடையை உடைத்து ஒரு கிலோ, அரைக் கிலோவாக விற்கிறேன். அதற்கும் லேபிள் வேண்டுமா?

இதைத்தான் எல்லாரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். வேண்டும்.

மூடையின் வாயை வெட்டும் அந்த நிமிடத்தில் பசளை ஒரு பக்கம் போகிறது, லேபிள் மறுபக்கம் போகிறது. லேபிள் சாக்கில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது, நீங்கள் சாக்கை விற்கவில்லையே. ஐம்பது வெள்ளைப் பொலித்தீன் பை, முடிச்சுப் போட்டு, பெயர் இல்லாமல் மேசையில் அடுக்கிவிடுவீர்கள். பசளை விதிகள் எல்லாம் 50 கிலோ மூடையை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். கொழும்பில் வியாபாரம் நடப்பதோ அரைக் கிலோப் பையில்.

பெயரில்லாத பையால் என்ன வந்துவிடும் என்று கேட்டால், யூரியாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அச்சொட்டாகச் சவ்வரிசி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வாடிக்கையாளர் அக்கா ஒருவர் அந்தப் பையைக் குசினித் தட்டில் வைத்துவிட்டார். பொங்கலுக்கு முதல் நாள் சவ்வரிசி என்று நினைத்து எடுத்து, தண்ணீரில் கொட்டிவிட்டார். பாத்திரம் ஐஸ் வைத்ததுபோலக் குளிர்ந்தது. யூரியா கரையும்போது வெப்பத்தை இழுக்கும். அந்தக் குளிர்தான் அவரைக் காப்பாற்றியது. மறுநாள் கடைக்கு வந்து என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. பொலித்தீனில் ஒரு வரி எழுதி ஒட்டாத குற்றம் எங்களுடையது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இது. மூடையை வெட்டுமுன் தொகுதி இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டு இலக்கத்தையும் கொப்பியில் எழுதுவோம். அந்த மூடையில் இருந்து வந்த ஒவ்வொரு பையிலும் அதே தொகுதி இலக்கம், சத்து விகிதம், எடை, விலை, எங்கள் கடைப் பெயர், ‘உணவல்ல, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்ற வரி. மூடை காலியானதும் அச்சிட்ட முகத்தைச் சதுரமாக வெட்டி, சுவரில் ஆணியில் குத்தி வைப்போம். கடைசிப் பை விற்று ஒரு போகம் போகும்வரை அது ஆணியில் இருக்கும். யாராவது கேள்வி கேட்டு வந்தால் கொப்பியையும் ஆணியையும் காட்டலாம்.

அனுமதி விஷயத்தையும் மறக்க வேண்டாம். வாங்கின மூடையை அப்படியே கைமாற்றுவது வேறு. உங்கள் பெயர் போட்ட பையில் கட்டிச் சந்தைக்கு விடுவது வேறு. இரண்டாவதைச் செய்யுமுன் உரச் செயலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் முகவராக விற்கிறீர்கள் என்றால் அதையும் கம்பெனியிடம் கடிதமாக வாங்கிக் கோவையில் வையுங்கள். வாய்ப்பேச்சு சோதனை நாளில் உதவாது.

பொதி கட்டும் தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்த யூரியா தண்ணீரை உறிஞ்சும். இன்று சரியாக நிறுத்த ஒரு கிலோவில் பத்து நாள் கழித்துக் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும்.

லேபிள் அடிக்கச் சின்னக் கடைக்கு என்ன கஷ்டம்? ஸ்டிக்கர்தானே?

ஸ்டிக்கர்தான். ஆனால் அச்சகக்காரர் ஆயிரத்துக்குக் குறைய அடிக்க மாட்டார், நாங்கள் ஒரு வகையில் மாதம் அறுபது பை விற்றால் பெரிது. 2022இல் யூரியா அந்தர் ஒன்று கள்ளச் சந்தையில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஏறிய காலத்தில், விலை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒரு கட்டு முழுவதும் குப்பைக்குப் போனது. பழைய விலையை அழித்து மேலே இன்னொன்றை ஒட்டினால் நுகர்வோர் சட்டத்தில் மாட்டுப்படுவோம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றாலும் அப்படித்தான்.

இப்போது விலைக்கும் தொகுதி இலக்கத்துக்கும் வெற்றுக் கட்டம் விட்டு அடிக்கிறோம், பொதி கட்டும் அன்று றப்பர் முத்திரை குத்துகிறோம். அதிலும் ஒரு பாடம் படித்தோம். முதல் தரம் சாதாரண முத்திரை மையில் குத்தினோம். யூரியாத் தூள் ஒட்டிய ஈரக் கை பட்டதும் எழுத்து நீலமாகக் கரைந்து ஓடியது. காகித ஸ்டிக்கரும் பொலித்தீனில் நிற்காது, ஓரம் சுருண்டு விழும். பிளாஸ்ரிக் ஸ்டிக்கரும் சீக்கிரம் காயும் மையும் வாங்கிய பிறகுதான் நிம்மதி. பை ஒன்றுக்கு ஏழெட்டு ரூபா கூடியது. ஒரு கிலோ விற்று வரும் இலாபத்தில் அது சின்ன விஷயம் அல்ல.

யூரியா, டி.எஸ்.பி., பண்டி மூன்றையும் கலந்து ‘காய்கறி உரம்’ என்று விற்கலாமா?

கலந்தால் நீங்கள் கலவை தயாரிப்பவர், அனுமதி தேவை. அது ஒரு பக்கம். யூரியாவையும் டி.எஸ்.பி.யையும் கலந்து வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று தாக்கி ஈரம் கக்கும். நாங்கள் ஒருமுறை வாளியில் கலந்து மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை திறந்தபோது சாம்பல் நிறக் களி இருந்தது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. வாங்கிப்போய் அன்றே போடுபவர் தன் கையால் கலக்கட்டும். கலந்து வைத்து விற்க வேண்டாம்.

இன்னுமொன்று, கலவைக்கு விகிதம் போட்டால் பையின் மேலும் கீழும் அந்த விகிதம் இருக்க வேண்டும். சின்ன மணி கீழே இறங்கும், பெரிய மணி மேலே நிற்கும். மண்வெட்டியால் கிளறி அதைச் சரிப்படுத்த முடியாது.

மூடையில் தமிழ் இல்லை. இருந்தாலும் பிழையாக இருக்கிறது. கேட்க முடியாதா?

கேட்கலாம், கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி. பூச்சிமருந்துப் போத்தலில் மூன்று மொழியும் வருவது பழகிப்போன காட்சி. பசளை வியாபாரத்திலும் கிளிநொச்சியும் மட்டக்களப்பும் நுவரெலியாவும் பெரிய சந்தைகள். அவர்கள் வாசிக்காத லேபிள் யாருக்காக?

தமிழ் இல்லாததைவிடப் பிழைத் தமிழ்தான் எனக்குப் பயம். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் கலவைப் பசளை வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஹெக்டேயருக்கு 200 கிலோ. தமிழில் மட்டும் ‘ஏக்கருக்கு 200 கிலோ’. மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கும்போல. ஒரு ஹெக்டேயர் இரண்டரை ஏக்கர். பரந்தன் பக்கத்து மிளகாய்க்காரர் ஒருவர் தமிழை நம்பி அப்படியே போட்டார். பத்து நாளில் இலை நுனி கருகி, செடி உள்நோக்கிச் சுருண்டுவிட்டது. படத்தைக் கைபேசியில் கொண்டுவந்து காட்டி, ‘அண்ணை, எழுதினபடிதானே போட்டனான்’ என்றார். மூன்று மொழியையும் பக்கத்தில் வைத்து நான் வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த லொறியில் மிச்ச மூடையைத் திருப்பி அனுப்பினோம். கம்பெனி ஸ்டிக்கர் அனுப்பியது, தமிழ் வரியின் மேல் ஒட்டச் சொல்லி. மிளகாய்க்கு ஒருவரும் ஒன்றும் அனுப்பவில்லை.

சிறு தயாரிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: லேபிளை அச்சுக்குக் கொடுக்குமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கமக்காரரிடம் கொடுத்து, ‘இதன்படி எவ்வளவு போடுவீர்கள்?’ என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்க வேண்டாம்.

ஹெக்டேயர்க் கணக்கைப் பரப்புக்கு எப்படி மாற்றுவது?

யாழ்ப்பாணத்து 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். ஹெக்டேயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 40 பரப்பு. ஆக, ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் பரப்புக்கு இரண்டரைக் கிலோ. இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். அந்த 200 கிலோப் பசளை பரப்புக்கு 5 கிலோ போட வேண்டியது, 12 கிலோவுக்கு மேல் போனது.

வீட்டில் கூட்டெரு செய்கிறேன். பையில் அடைத்து விற்க என்ன வேண்டும்?

பிலியந்தலை, ஹோமாகம பக்கம் பெண்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். கூட்டெருவுக்கும் எஸ்.எல்.எஸ். நியமம் இருக்கிறது. ஈரம், காபன்-நைதரசன் விகிதம், அரித்த துகளின் அளவு, பார உலோகம், நோய்க் கிருமி எல்லாம் பார்ப்பார்கள். கொழும்பு 7இல் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் காசு கட்டி மாதிரியைச் சோதிக்கலாம். ஒரு சோதனை அறிக்கை கையில் இல்லாமல் லேபிளில் எந்த எண்ணையும் எழுத வேண்டாம். வலைத்தளத்தில் வேறு யாரோ எழுதியதைப் பார்த்து ‘நைதரசன் 3 வீதம்’ என்று அடித்த பை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. நல்ல கூட்டெருவே பெரும்பாலும் 1, 2 வீதத்தில்தான் நிற்கும். பொய் எண் போட்டால் நுகர்வோர் சட்டத்தில் அது தவறான எடுத்துரைப்பு.

ஒவ்வொரு குவியலும் வேறு என்பதுதான் வீட்டுத் தயாரிப்பாளரின் உண்மையான தலையிடி. சந்தைக் கழிவில் செய்த குவியலும் மாட்டெருவில் செய்ததும் ஒரே லேபிளில் போக முடியாது. மூலப்பொருளை மாற்றாமல் வைத்திருங்கள், குவியலுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள்.

2021 தடைக்குப் பிறகு எல்லாப் பையிலும் ‘சேதன’ என்று இருக்கிறதே, நம்பலாமா?

2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் பின்வாங்கியது. நடுவில் இருந்த ஆறு மாதத்தில் மண், தும்பு, கோழியெச்சம், சாம்பல் எல்லாம் ‘சேதன உரம்’ என்ற பெயரில் பைக்குள் போனது. எங்கள் கடைக்கே மாதிரி கொண்டுவந்தவர்கள் ஏராளம். ஒருவருடைய பையைப் பிரித்தால் பல்லி முட்டைக் கோதும் சிப்பித் துண்டும் இருந்தன. ‘இயற்கைதானே ஐயா’ என்றார்.

அதே காலத்தில்தான் சீனக் கப்பல் ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கதை. சிங்டாவோ சீவின் நிறுவனத்தின் சேதனப் பசளை மாதிரியில் பயிர்நோய் உண்டாக்கும் எர்வினியா பக்றீரியா இருப்பதாக இலங்கைத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொன்னது. கம்பெனி மறுத்தது. சரக்கு இறங்காமலே மக்கள் வங்கி ஏறக்குறைய 7 மில்லியன் டொலர் கொடுக்க நேர்ந்தது. லேபிளில் இருந்த நைதரசன் எண் அந்தச் சண்டையில் ஒருவருக்கும் பயன்படவில்லை. கிருமி லேபிளில் வராது.

ஆகவே ‘சேதன’ என்ற சொல் மூலப்பொருளைச் சொல்கிறது, தரத்தைச் சொல்லவில்லை. எதிலிருந்து செய்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

சிறுநீரக நோய்க்குப் பசளை காரணமா? கட்மியம் லேபிளில் இருக்குமா?

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துச் சிறுநீரக நோயின் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. பொசுபரசுப் பசளை செய்யும் பொசுபேற்றுப் பாறையில் இயல்பாகவே கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும், பாறையைப் பொறுத்து அளவு மாறும் என்பது மட்டும் நிச்சயம். சாதாரண லேபிளில் அது வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை 16 முதல் பொசுபேற்றுப் பசளைக்கு, ஒரு கிலோ பொசுபரசு ஒட்சைட்டுக்கு 60 மில்லிகிராம் என்ற எல்லை இருக்கிறது. இங்கே இறக்குமதியாளரிடம் சோதனை அறிக்கை கேட்பதுதான் வழி. மொத்தமாக வாங்கும் கடைக்காரர் கேட்டால் தருவார்கள். ஒருவரும் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை.

பசளை விற்கும் அனுமதியோடு பூச்சிமருந்தும் விற்கலாமா?

முடியாது. அது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், வேறு பதிவாளர், வேறு பயிற்சி, வேறு சான்றிதழ். ஒரே அலுமாரியில் வைக்கவும் வேண்டாம்.

போலி மூடை என்று சந்தேகம். என்ன செய்வது?

முதலில் தையலைப் பாருங்கள். தொழிற்சாலைத் தையல் நேராக, ஒரே இடைவெளியில் ஓடும், நூலின் நுனியை இழுத்தால் சரசரவென்று அவிழும். பிரித்துத் தைத்த மூடையில் பழைய ஊசித் துளை ஒரு வரிசை, புதுத் தையல் ஒரு வரிசை என்று இரண்டு தெரியும். சாக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், துளை மின்னும்.

பிறகு ஒரு கரண்டி யூரியாவைத் தண்ணீரில் போடுங்கள். முழுவதும் கரைய வேண்டும், தண்ணீர் குளிர வேண்டும். அடியில் மண் தங்கினால் சந்தேகம் சரி. ஆனால் வேறு சில உப்புகளும் குளிரும், ஆகவே குளிர்ந்தது என்பதை மட்டும் வைத்து நல்லது என்று முடிவுகட்ட முடியாது. 46 வீதமா 40 வீதமா என்று எந்தக் குசினிச் சோதனையும் சொல்லாது.

பாவிப்பதை நிறுத்துங்கள். மீதியைச் சாக்கோடும் நூலோடும் அப்படியே வையுங்கள். பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது கடைக்காரரின் கடமை, கேட்காமல் விடுவது வாங்குபவர்கள்தான். விவசாயத் திணைக்களத்தின் 1920, நுகர்வோர் அதிகார சபையின் 1977, ஊரிலுள்ள கமநல சேவை நிலையம், மூன்றுக்கும் சொல்லுங்கள். நீங்களாக மாதிரி எடுத்துச் சோதித்தால் உங்களுக்கு உண்மை தெரியும். வழக்குக்கு அதிகாரம் பெற்ற அலுவலர் வந்து எடுக்கும் மாதிரிதான் வேண்டும். அதனால் அவர் வரும்வரை மூடையை முடிக்காதீர்கள்.

வெறும் சாக்கை என்ன செய்வது?

போலி மூடைக்கு முதல் தேவை நல்ல சாக்குத்தான். பசளையைக் கலப்படம் செய்வது சுலபம், அச்சிட்ட சாக்கைச் செய்வது கஷ்டம். கிராண்ட்பாஸ் பக்கமிருந்து பழைய சாக்கு வாங்க வரும் ஐயா ஒருவர் மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வருவார். முழுச் சாக்குக்கு ஒரு விலை, முகம் வெட்டின சாக்குக்கு அதில் பாதி. எங்களிடம் இருப்பது எல்லாம் நடுவில் சதுர ஓட்டை விழுந்தவை. ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தூக்கி அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, ‘வெட்டாமல் ஒரு பத்து வைத்தால் என்ன தம்பி?’ என்று கேட்பார். பாதி விலைக்கே கட்டிக்கொண்டு போவார்.